சுவிட்ச் போர்டுக்குள் குடித்தனம்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: படுக்கையறை சுவிட்ச் போர்டுக்குள் சிற்றெறும்புகள் சாரை சாரையாகப் போகின்றன. சில நாட்களாக ஃபேன் சுவிட்சைப் போட்டால் 'சர்ர்' என்று சத்தம் வருகிறது. இரண்டு மூன்று தடவை தட்டினால்தான் ஃபேன் சுற்றுகிறது. எறும்புக்கு மின்சாரத்தில் என்ன வேலை?

பதில்: முதல் எறும்பு மின்சாரத்தைத் தேடி வருவதில்லை. சுவருக்குள் பதித்த ஒயர் பைப் அதற்கு மழை படாத பாதை. பாதை முடியும் இடத்தில் இருக்கும் பாக்ஸ் இளஞ்சூடான, இருட்டான அறை. முட்டையும் புழுவும் வைத்து வளர்க்க வேறென்ன வேண்டும்?

வினை பிறகுதான் தொடங்குகிறது. சுவிட்சின் காண்டாக்ட்டுகளுக்கு (ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தைக் கடத்தும் உலோகத் துண்டுகள்) நடுவில் நுழைந்த எறும்பு ஷாக் அடித்துச் சாகும்போது, ஆபத்தை அறிவிக்கும் வாசனைப் பொருட்களை உடலிலிருந்து வெளியிடுகிறது. மற்றவற்றுக்கு அது 'ஓடி வா' என்ற அழைப்பு. ஓடி வந்தவையும் அதே இடத்தில் சாகின்றன. இப்படிச் சேர்ந்த குவியல் காண்டாக்ட்டுகள் அழுந்திச் சேரவிடாமல் தடுக்கிறது. பாதி சேர்ந்த காண்டாக்ட்டில் பொறி பறக்கும், சூடு ஏறும், செத்த எறும்புகள் கருகிக் கரியாகும். நீங்கள் கேட்கும் 'சர்ர்' அதுதான். உயிருள்ள நூறு எறும்பைவிடச் செத்த பத்து எறும்பு அதிகக் கெடுதல் செய்யும்.

அந்தச் சுவிட்சை இனிப் பயன்படுத்த வேண்டாம். சுத்தம் செய்து மறுபடி போடுவதும் வேண்டாம். கருகிய காண்டாக்ட் திரும்பவும் சூடாகும். மாற்றிவிடுங்கள். மின்வேலை தெரியாதவர் என்றால் எலெக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள்.

போர்டைத் திறக்குமுன் மெயினை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் ஃபேன், லைட் லைன் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். மெயின் போனதும் அது தானாக உயிர் கொடுத்துவிடும். இரண்டையும் அணையுங்கள். அணைப்பதற்கு முன்பே மல்டிமீட்டரை (மின்னழுத்தம் அளக்கும் கருவி) மின்சாரம் உள்ள ஓர் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். அணைத்த பிறகு போர்டில் ஃபேஸ்-நியூட்ரல், ஃபேஸ்-எர்த், நியூட்ரல்-எர்த் மூன்றையும் அளந்து, எதிலும் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்யுங்கள். ஒயர்கள் இருக்கும் நிலையைக் கழற்றுமுன் செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே இருப்பதை ஓர் அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷால், ஈரம் இல்லாமல், வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பிளாஸ்டிக் முனை வைத்த வேக்குவம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது. ஊதும் காற்று வேண்டாம். குப்பை பைப்புக்குள்ளும் பக்கத்துச் சுவிட்சுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். ஒயர் முனையில் இன்சுலேஷன் பழுப்பேறி விறைத்திருந்தால் நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி, புதிதாக உரித்து, ஸ்க்ரூவை இறுக்கி, ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பாருங்கள்.

அடுத்து இரை. 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் 10 கிராம் சர்க்கரை, 1 கிராம் போரிக் அமிலம் கலந்து, பஞ்சில் நனைத்து, மூடி ஒன்றில் வைத்து எறும்புச் சாரையின் ஓரமாக வையுங்கள். வைக்கும் இடம் போர்டுக்கு வெளியே, தள்ளி இருக்கட்டும். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் எட்டாத இடமாகவும் இருக்கட்டும். சீக்கிரம் சாகட்டும் என்று அமிலத்தைக் கூட்டினால் காரியம் கெடும். வேலைக்கார எறும்பு புற்றுக்குப் போய் ராணிக்கு ஊட்டுவதற்குள் வழியிலேயே செத்துவிடும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை புதிதாக வையுங்கள். வாரக்கணக்கில் பொறுமை வேண்டும்.

சாரை நின்ற பிறகு, பாக்ஸுக்குள் பைப் திறக்கும் வாயை, ஒயர்களைச் சுற்றி, காய்ந்து இறுகாத சீலிங் புட்டியால் அடையுங்கள். சிலிக்கான் போடுவதென்றால் 'நியூட்ரல்' வகை மட்டும். வினிகர் வாசனை அடிப்பது அசிட்டிக் அமிலத்தை வெளிவிடும். செம்பில் பச்சை பிடிக்கும். எலி ஓட்டையை அடைக்க வைக்கும் இரும்பு நார் மின்சாரம் கடத்தும், இந்தப் பக்கமே அது வரக்கூடாது.

கேள்வி: இவ்வளவு எதற்கு? பூச்சி ஸ்ப்ரே அடித்தால் ஒரு நிமிட வேலைதானே?

பதில்: பல ஸ்ப்ரேக்களில் மருந்தை வெளியே தள்ளுவது பியூட்டேன், புரோப்பேன் போன்ற எரிவாயு. மூடிய பாக்ஸுக்குள் அது நிறைந்திருக்கும்போது ஒரு சுவிட்ச் பொறி போதும். தண்ணீர் கலந்த மருந்தோ மின்சாரம் கடத்தும். எண்ணெய்ப் பசை உள்ளது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சில பிளாஸ்டிக்குகளில் விரிசல் விடவும் வைக்கும். எறும்புச் சாக்பீஸ், பொடி எதுவும் பாக்ஸுக்குள் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், உள்ளே கொன்றால் பிணங்களும் உள்ளேதான் கிடக்கும்.

கேள்வி: தோட்டத்துப் பிளக் பாயிண்டில் குளவி மண்கூடு கட்டியிருக்கிறது. மழை பெய்தால் ஆர்.சி.சி.பி. (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) விழுகிறது. அந்த லைனின் எம்.சி.பி.-யை (மின்னோட்டம் மிகுந்தால் விழும் சுவிட்ச்) அணைத்து வைத்தாலும் சில நேரம் விழுகிறது. அப்படியானால் குளவி காரணமில்லைதானே?

பதில்: காரணமாக இருக்கலாம். காய்ந்த மண் பெரிதாகக் கெடுதல் செய்யாது. நனைந்தால் அதிலுள்ள உப்புகள் கரைந்து மின்சாரம் எர்த்துக்குக் கசியும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. 15-க்கும் 30-க்கும் இடைப்பட்ட கசிவிலேயே விழலாம். எம்.சி.பி.-க்கு அந்தச் சிறு கசிவு கண்ணிலேயே படாது. ஒற்றை முனை எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கிறது. நியூட்ரல் இணைந்தே இருக்கிறது. ஈர மண் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்திருந்தால், வீட்டில் வேறு சாதனம் ஓடும்போது அதன் மின்னோட்டத்தில் ஒரு பங்கு எர்த் வழியாகத் திரும்பும். உங்கள் புதிருக்கு இதுவே விடையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பெரிதாக இருக்கும் எர்த் துளைதான் குளவிக்குப் பிடித்த இடம். (ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் விமான வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்களையே ஒருவகைக் குளவி மண்ணால் அடைத்துவிடுகிறது. துளை என்றால் அவ்வளவு ஆசை.) பாக்ஸின் அடியில் நீர் வடிவதற்கு விட்ட துளையை அது அடைத்திருந்தால் உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும், அதையும் பாருங்கள்.

மின்சாரத்தை முழுதும் நிறுத்தி, கூடு காய்ந்திருக்கும்போது மரக்குச்சியால் பெயர்த்தெடுங்கள். உள்ளே குளவிப் புழுவும், அதற்கு உணவாக மயக்கி அடைத்த சிலந்திகளும் இருக்கலாம். மிச்ச மண்ணை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து நன்றாக உலர விடுங்கள். பித்தளையில் பச்சை ஏறியிருந்தால் பிளக் பாயிண்டையே மாற்றுங்கள். வடிகால் துளையை அடைக்காமல், நுண்ணிய துருப்பிடிக்காத வலையை வெளிப்பக்கம் ஒட்டுங்கள். கேபிள் கீழிருந்து கிளாண்ட் (கேபிளை இறுக்கிப் பிடித்து ஓட்டையை அடைக்கும் வளையம்) வழியாக நுழையட்டும். நுழையுமுன் சற்றுத் தொங்கி மேலேறினால் மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். முடிவில் சாதனங்களைக் கழற்றிவிட்டு, எலெக்ட்ரீஷியன் 500 வோல்ட் மெக்கரால் (இன்சுலேஷனை அளக்கும் கருவி) சோதிக்கட்டும். குறைந்தது 1 மெகா ஓம் காட்ட வேண்டும்.

கேள்வி: நள்ளிரவில் புகை அலாரம் அலறுகிறது. புகையே இல்லை. வெளியில் ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கும் சும்மா சும்மா எரிகிறது.

பதில்: இரண்டிலும் சிலந்தியைச் சந்தேகிக்கலாம். ஒளியை வைத்து வேலை செய்யும் புகை அலாரத்தில், புகைத்துகள் ஒளியைச் சிதறடித்துச் சென்சார் மேல் விழச் செய்தால் மணி அடிக்கும். சிறு சிலந்தியோ நூலாம்படையோ செய்வதும் அதே சிதறல்தான். பேட்டரியைக் கழற்றி, மின் இணைப்பு இருந்தால் அதையும் நிறுத்தி, சுற்றியுள்ள துளைகளை வேக்குவம் கிளீனரின் மென்மையான பிரஷ் முனையால் உறிஞ்சுங்கள். திரும்பப் பொருத்தியதும் டெஸ்ட் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 10 வயது தாண்டிய அலாரத்தைச் சுத்தம் செய்வதில் அர்த்தமில்லை, மாற்றிவிடுங்கள். சென்சார் விளக்கில் லென்ஸுக்கு முன்னால் ஆடும் ஒட்டடையைத் துடைத்தாலே போதும். வெள்ளை வெளேரென்ற பல்பை எடுத்துவிட்டு 2700 கெல்வின் மஞ்சள் ஒளி எல்.இ.டி. போட்டால் விட்டில்கள் குறையும். தீனி குறைந்தால் சிலந்தியும் குறையும்.

கேள்வி: தண்ணீர் மோட்டார் ஸ்டார்ட்டரில் 'கும்ம்' என்று இரைச்சல் வருகிறது. மோட்டார் சுற்றவில்லை. திறந்தால் எறும்பு.

பதில்: பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். காண்டாக்டரின் (காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் காந்தத்தால் இணையும் சுவிட்ச்) காந்தம் முழுதாக ஒட்டாதபடி எறும்புகள் இடையில் சிக்கியிருந்தால், ஏ.சி. காயில் இயல்பைவிடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும், சில நிமிடங்களில் எரிந்தும் போகும். மின்சாரத்தை நிறுத்தி, காந்த முகங்களைத் துடைத்து எடுங்கள். வெள்ளிக் கலவைக் காண்டாக்ட்டை உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. பள்ளம் விழுந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கெப்பாசிட்டர் இருக்கும் ஸ்டார்ட்டரில் மின்சாரம் போன பிறகும் ஷாக் அடிக்கும், பழகியவர் கை வைக்கட்டும்.

கேள்வி: ஜங்ஷன் பாக்ஸ் நிறையக் கரையான் மண். ஒயரையும் தின்னுமா?

பதில்: பி.வி.சி. அதற்கு உணவில்லை. ஆனால் வழியில் குறுக்கிட்டால் கடிக்கும். மென்மையான உறையில் செம்பு வரை போய்விடும். பூமிக்கடியில் போடும் கேபிளுக்குக் கெட்டியான நைலான் உறை போடும் வழக்கம் அதனால்தான். கரையான் மண்ணில் எப்போதும் ஈரம் இருக்கும் என்பதால் கசிவும் சேர்ந்து வரும். மண்ணை வழித்தெடுத்துவிட்டு, கடிபட்ட ஒயரை டேப் சுற்றிச் சமாளிக்காமல், அந்தப் பகுதியையே புதிதாக இழுங்கள். புற்றுக்கு மருந்து வைப்பது தனி வேலை. அது நடக்காவிட்டால் அடுத்த மழைக்காலத்தில் மறுபடி மண் ஏறும்.

கேள்வி: ஐ.பி. 44 (தூசியும் தண்ணீரும் புகாமல் எவ்வளவு தடுக்கும் என்று காட்டும் எண்) என்று போட்ட பாக்ஸ் வாங்கியும் எறும்பு எப்படி வருகிறது?

பதில்: முதல் 4-க்கு அர்த்தம், 1 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் தடிப்புள்ள பொருள் நுழையாது என்பது மட்டும்தான். சிற்றெறும்பின் உடல் அதைவிட மெல்லியது. ஐ.பி. 65 வாங்குங்கள், 6 என்றால் தூசியே புகாது. ஆனால் கேபிள் நுழையும் ஓட்டையில் சரியான அளவு கிளாண்ட் போடாமல் விட்டால் 65-ம் திறந்த வீடுதான்.