டிரையலில் இடம் வாங்கித் தருகிறேன் என்பவருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பெரிய பி செல் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய். ஆர்-சாப் என்ற கீமோ 6 சைக்கிள் முடிந்து ஒரு வருடத்துக்குள் கழுத்தில் மறுபடி கட்டி வந்துவிட்டது. டாக்டர் ஒரு கிளினிக்கல் டிரையலில் (சிகிச்சையை நோயாளிகளிடம் கொடுத்துப் பார்க்கும் ஆய்வில்) சேரலாம் என்கிறார். சோதனை எலியாக்கப் பார்க்கிறார்கள் என்று சித்தப்பா தடுக்கிறார். இதற்கிடையில் மருத்துவமனை வாசலில் பழக்கமான ஒருவர், ஒன்றரை லட்சம் கொடுத்தால் வேறு ஊரில் கார்-டி என்ற செல் சிகிச்சை டிரையலில் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்வது? – வாசகி, விருதுநகர்

பதில்: முதலில் அந்த ஒன்றரை லட்சம். கொடுக்காதீர்கள். டிரையலில் யாரைச் சேர்க்கலாம் என்பது ஆய்வு தொடங்கும் முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்கும். நோயின் வகை, இதுவரை ஏறிய மருந்துகள், ரத்த அணுக்கள், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் பார்த்து ஆய்வு மருத்துவர்தான் முடிவு செய்வார். நடுவில் ஒரு ஆளுக்கு அங்கே வேலையே இல்லை. ரிப்போர்ட்டுகளை வாங்கிக்கொண்டு, எங்கோ ஒரு கிளினிக்கில் ‘ஸ்டெம் செல் ஊசி’ போட்டு அனுப்பப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பணம் போனது மட்டுமில்லை. என்ன ஊசி என்றே தெரியாத நிலையில் உண்மையான டிரையலிலும் அவர்களைச் சேர்க்க முடியாமல் போகிறது.

டிரையல் உண்மையா என்று நீங்களே பார்க்கலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்தும் சி.டி.ஆர்.ஐ பதிவேட்டில் 2009 ஜூன் முதல் ஒவ்வொரு டிரையலும் பதிவாக வேண்டும். இணையத்தில் இலவசமாகத் தேடலாம். எந்த மருத்துவமனை, எந்த டாக்டர், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆனால் பதிவு எண்ணைக் காட்டியதும் நம்பிவிடாதீர்கள், உண்மையான எண்ணை யாரும் நோட்டீஸில் அச்சடிக்கலாம். பதிவேட்டில் உள்ள மருத்துவமனைக்கு நீங்களே போன் செய்யுங்கள்.

சித்தப்பாவின் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அப்பாவுக்கு ஏறிய ஆர்-சாப் மருந்தே டிரையலில் வந்ததுதான். சாப் என்பது நாலு மருந்து. அதைவிடக் கடுமையான கலவைகள் நன்றாக வேலை செய்யும் என்று பெரிய டாக்டர்களே நம்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 1993இல் அமெரிக்காவில் அப்படிப்பட்ட மூன்று கலவைகளோடு சாப்பை ஒப்பிட்ட டிரையலின் முடிவு வந்தது. பிழைத்தவர்கள் நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு, மருந்தின் கடுமையால் இறந்தவர்கள் சாப்பில்தான் குறைவு. அப்புறம் 2002இல் பிரான்ஸ் மருத்துவர்கள் 60 முதல் 80 வயது வரையிலானவர்களுக்கு, அதாவது உங்கள் அப்பா வயதுக்காரர்களுக்கு, சாப்போடு ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்தையும் (ஆர்-சாப்பில் ‘ஆர்’ இதுதான்) சேர்த்தால் கூடுதல் பேர் பிழைக்கிறார்கள் என்று காட்டினார்கள். அப்பாவைப் போன்றவருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரையைக் கொடுத்துச் சும்மா வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு பிரிவு இருந்தால் மற்றப் பிரிவுக்கு இன்றைக்கு உள்ள நல்ல சிகிச்சை போகும். எப்போது வேண்டுமானாலும் விலகலாம், அதனால் சிகிச்சை நிற்காது.

டிரையலில் சேர ஒப்புதல் கேட்கும் பேச்சுக்குச் சித்தப்பாவையும் கூட்டிப் போங்கள். கொடுக்கப்படும் தமிழ்ப் படிவம் பெரும்பாலும் புரியாது. அதை எழுதுகிறவர்கள் ஒரு நோயாளியிடமாவது வாசித்துக் காட்டியிருந்தால் இப்படி எழுத மாட்டார்கள், எத்தனை முறை சொல்லியும் மாறவில்லை. அதனால் வாயால் விளக்கச் சொல்லுங்கள். கையெழுத்துப் போட்ட படிவத்தின் நகல் ஒன்று உங்கள் கைக்கு வர வேண்டும், அது சட்டம்.

செலவு விஷயத்தில்தான் குடும்பங்கள் அதிகம் தடுமாறுகின்றன. கம்பெனி நடத்தும் புது மருந்து டிரையல் என்றால் மருந்தும் அதற்கான பரிசோதனைகளும் இலவசம். டிரையலால் பாதிப்பு வந்தால் வைத்தியமும் நஷ்டஈடும் தர வேண்டும் என்று 2019ஆம் வருட மருந்து ஆய்வு விதிகள் சொல்கின்றன. ஆனால் டாக்டர்களே சொந்தமாக நடத்தும் ஆய்வுகள் உண்டு. ஏற்கெனவே கடையில் விற்கும் மருந்தை வேறு விதமாகக் கொடுத்துப் பார்ப்பார்கள். அங்கே வழக்கமான கீமோ, பெட் ஸ்கேன், படுக்கை, ரத்தம் எல்லாம் உங்கள் கணக்கில் வரலாம். இது ஏமாற்று இல்லை, ஆய்வுக்குப் பணம் போட ஆள் இல்லாததால் வருவது. ஆனால் முன்கூட்டியே சொல்லாமல் விடுவது தவறு. எது யார் கணக்கு என்று எழுதி வாங்குங்கள். அப்படிச் செலவு வந்தாலும் பணம் கட்டுவது மருத்துவமனை கவுண்டரில், ரசீதோடு. வாசலில் நிற்பவரிடம் இல்லை.

கார்-டி என்பது நோயாளியின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எடுத்து, ஆய்வுக்கூடத்தில் மாற்றி, புற்றுச் செல்லைத் தாக்கும்படி திரும்ப ஏற்றுவது. ஐஐடி பாம்பேயும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. செலவு 30 லட்சத்துக்கு மேல். முதலமைச்சர் காப்பீட்டின் உச்ச வரம்போ ஒரு குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம். நம் நாட்டிலேயே உருவான மருந்து நம் ஆட்களுக்கு எட்டாமல் இருப்பதைச் சரிசெய்ய எவருக்கும் அவசரமில்லை. தரகர்கள் பிழைப்பதே இந்த இடைவெளியில்தான். கார்-டி எண்ணம் இருந்தால், பெண்டாமஸ்டின் என்ற மருந்தை ஏற்றும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அது டி செல்களைக் கெடுக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று. பழைய பயாப்சியில் எடுத்த திசுவைப் பதித்து வைத்த மெழுகு பிளாக்கையும் ஸ்லைடுகளையும் முதலில் வைத்தியம் பார்த்த இடத்திலிருந்து வாங்குங்கள். அவை உங்களுடையவை, ஆனாலும் தர நாட்கணக்கில் அலைக்கழிப்பார்கள். எழுத்தில் மனு கொடுத்து, பெற்றதற்குக் கையெழுத்து வாங்குங்கள். புதுக் கட்டியிலும் பயாப்சி எடுக்கச் சொல்லுங்கள், ஊசியால் உறிஞ்சி எடுப்பது போதாது. அதன் முடிவைப் பல டிரையல்களில் கேட்பார்கள்.