விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்

சகோதரி, பூர்வீக நிலத்தில் உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தருமாறு அண்ணன்மார் வற்புறுத்துவதாகவும், மறுத்தால் இந்த ஐம்பது வயதில் பிறந்த வீட்டு உறவே அறுந்துவிடுமோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆயினும், இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கு இணையான பிறப்புரிமையை அளிக்கிறது என்றும், அதற்குத் தந்தை அந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்த நாளில் உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என்றும் உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியுள்ளது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே விற்பனையோ முறையான பாகப்பிரிவினையோ நடந்திருந்தால் நிலைமை வேறு. ஆகவே முதலில், அந்த நிலத்தின் மீது பதிவான விற்பனை, பாகப்பிரிவினை போன்றவற்றைக் காட்டும் வில்லங்கச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எதுவாயினும், பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. “விசாரித்துவிட்டுச் சொல்கிறேன், அண்ணா” என்று குரல் உயர்த்தாமல் சொல்வதே இப்போது உங்களுக்குத் தேவையான துணிச்சல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதுவரை சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல ஒப்புக்கொள்ளாதீர்கள்.