டீக்கடைத் தூணில் தொங்கிய கயிறு

“பொது இடத்தில் புகைபிடிப்பவர்களைத் தட்டிக்கேட்டால் சண்டைதான் வருகிறது. குடியிருப்போர் ஒன்றுசேர்ந்து ஏதாவது செய்து பலன் கண்டதுண்டா?” என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் தெருவில் பாதிப் பலன் கண்டோம். மீதிப் பாதியையும் மறைக்காமல் சொல்கிறேன்.

எங்கள் பஸ் நிறுத்தத்தை ஒட்டி ஓர் அண்ணாச்சியின் டீக்கடை இருக்கிறது. கடைத் தூணில் ஒரு தேங்காய்நார்க் கயிறு தொங்கும். அதன் நுனியில் காலை ஐந்து மணியிலிருந்து இரவு வரை கனல் இருந்துகொண்டே இருக்கும். தூணில் அந்த இடம் மட்டும் தார் பூசியதுபோலக் கறுத்துக் கிடக்கும். சிகரெட் வாங்குகிறவர் கயிற்றை இழுத்துப் பற்றவைத்துக்கொண்டு நேராக நிழற்குடைக்குள் வந்து நிற்பார். பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தையோடு வருகிற பெண்களும் ஒதுங்குவது அதே நிழற்குடையில்தான். மழை நாளில் கேட்கவே வேண்டாம்.

முதல் ஆறு மாதம் நாங்கள் ஆளைப் பிடித்துச் சண்டை போட்டோம். எங்கள் சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். யாரைப் பார்த்தாலும் ஒன்பதாம் வகுப்பு மாணவனைக் கண்டிக்கிற தோரணை வந்துவிடும். ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே புகையை ஊதிவிட்டுப் பஸ் ஏறினார். 200 ரூபாய் அபராதம் என்று மிரட்டியும் பயனில்லை. அதை வசூலிக்கிற அதிகாரம் நமக்கில்லை என்பது அவர்களுக்கும் தெரியும்.

சங்கத்தில் வங்கி வேலை பார்க்கும் அக்கா ஒருவர்தான் சட்டத்தை அச்செடுத்துக்கொண்டு வந்தார். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டம், திறந்தவெளி பொது இடம் ஆகாது என்கிறது. ‘ரோட்டில் நின்று பிடித்தால் உனக்கென்ன’ என்பவர்கள் பிடித்துத் தொங்குவது இந்த வரியைத்தான். ஆனால் 2008 அக்டோபர் 2 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், பஸ் நிறுத்தம், ரயில் நிலையம், விளையாட்டரங்கம் ஆகியவற்றைத் திறந்தவெளிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டன. உணவகம் என்றால் அதைச் சுற்றியுள்ள வெளியிடமும் சேர்த்தி. அங்கே சாம்பல் கிண்ணம், தீப்பெட்டி, லைட்டர் எதுவும் வைத்துக் கொடுக்கக் கூடாது. பார்த்துக்கொள்ள வேண்டியது அந்த இடத்துக்குப் பொறுப்பானவர். புகார் வந்தும் கண்டுகொள்ளாவிட்டால் அவருக்கே அபராதம். இதைப் படித்த பிறகுதான் நாங்கள் ஆளை விட்டுவிட்டுக் கயிற்றைப் பார்த்தோம்.

கூட்டமில்லாத மத்தியானம் இரண்டு மணிக்கு மூன்று பேர் போனோம். அண்ணாச்சி எரிந்து விழவில்லை, கணக்குச் சொன்னார். சிகரெட்டுக்கு வருகிறவன்தான் டீ குடிக்கிறான், வடை தின்கிறான், கயிற்றை எடுத்தால் அவன் எதிர்க்கடைக்குப் போய்விடுவான் என்றார். அது பொய்யில்லை. எனவே சங்கக் கூட்டத்துக்கும் ஞாயிற்றுக்கிழமை பூப்பந்து ஆடுகிறவர்களுக்கும் டீ அவரிடமே வாங்குவதாக ஒப்புக்கொண்டோம். எதிர்க்கடையிலும் போய்ப் பேசினோம். கயிறு போனது, இரண்டு முறை திரும்பி வந்தது, மறுபடி போனது. சிகரெட் விற்பனையை அவர் நிறுத்தவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கையெட்டும் தூரத்தில் நெருப்பு இல்லாமல் போனதே நிழற்குடைக்குள் பெரிய மாற்றம். நெருப்பு உள்ளவர்கள் டிரான்ஸ்பார்மர் பக்கம் ஒதுங்கினார்கள். அந்த முனை வீட்டுக்காரர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை.

பள்ளி அருகே இருக்கும் பெட்டிக்கடையில் தோற்றோம். கல்வி நிலையத்திலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது சுமார் 91 மீட்டருக்குள், புகையிலைப் பொருள் விற்கக் கூடாது. கடைக்காரர் முன்வாசலிலிருந்து நடந்து அளந்து காட்டி, தம் கடை வெளியே இருக்கிறது என்றார். வாசலிலிருந்து அல்ல, சுற்றுச்சுவரின் வெளிவிளிம்பிலிருந்து எல்லாப் பக்கமும் நேர்கோட்டில் அளக்க வேண்டும் என்பதே விதி. டேப் பிடித்துக் காட்டியதும் டப்பாக்கள் உள்ளே போயின. இப்போது தெரிந்த முகத்துக்கு மட்டும் விற்பனை நடக்கிறது.

இனி வேப், அதாவது இ-சிகரெட் கதை. பக்கத்து அடுக்ககத்தின் மாடிப்படியில் மாம்பழ வாசனை வருகிறது என்றார் காவலாளி. டிசம்பரில் ஏது மாம்பழம்? இந்தியாவில் இ-சிகரெட்டைத் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது எல்லாமே 2019 முதல் தடை. முதல் முறை பிடிபட்டால் ஓராண்டு வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். இருந்தும், கோடு போடுகிற பேனா அளவில், பழ வாசனையோடு பிள்ளைகள் கைக்கு வந்து சேருகிறது. அதில் நிகோடின் இருக்கிறது என்றால் “இது வெறும் ஆவிதானே” என்கிறார்கள்.

இங்கே நாங்கள் செய்த ஒரு காரியத்துக்காக இன்னும் வெட்கப்படுகிறேன். கண்காணிப்பு கேமராவில் பதிந்த பையனின் படத்தை ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். நானும் அதற்குக் கட்டைவிரல் காட்டினேன். ஒரு வாரம் அந்தப் பையன் கீழே விளையாட வரவில்லை. அவன் அம்மா காய்கறி வாங்கக்கூட எங்கள் தெரு வழியாக வரவில்லை. படத்தை நீக்கிவிட்டு வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டோம். வேப் எங்கே விற்கிறார்கள் என்ற விவரம் அதற்குப் பிறகுதான், அந்தப் பையன் வாயிலிருந்தே வந்தது. அதை மட்டும் எழுதிக் காவல்துறையிடம் கொடுத்தோம். பெயர் எதுவும் எழுதவில்லை.

நீங்கள் தொடங்குவதாக இருந்தால், படம் எடுக்காதீர்கள், இரண்டு மணிக்குப் போங்கள். அறிவிப்புப் பலகை வைத்தால் எச்சரிக்கையோடு 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணையும் எழுதுங்கள். புகையிலையை விட நினைப்பவர்களுக்கான தேசிய உதவி எண் அது. எங்கள் பலகையைப் பார்த்து முதலில் அழைத்தவர், மாம்பழ வாசனையைக் கண்டுபிடித்த அதே காவலாளி. பீடிக்காரர்.

அண்ணாச்சி கல்லாப்பெட்டிக்கு அடியில் நூலில் கட்டிய லைட்டர் ஒன்று தொங்குகிறது என்று நேற்றுக் கேள்விப்பட்டேன். இந்த வாரம் ஒரு நாள் மத்தியானம் போக வேண்டும்.