பழைய கிட்டாரில் பிக்அப் உயரம்: டர்பன் பக்கத்துக் கேள்விகள்

பழைய எலக்ட்ரிக் கிட்டாரில் சத்தம் பிடிக்கவில்லை என்றதும் நம் ஆட்கள் புது பிக்அப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருள்) விலை விசாரிக்கப் போய்விடுகிறார்கள். முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுங்கள். இந்த முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, அப்பாவின் 1960களின் ஃபெண்டர் கம்பெனி ஸ்ட்ராட்டோகாஸ்டர் (ஸ்ட்ராட்) கிட்டார். தடித்த ஈ கம்பியை 12ஆம் ஃபிரெட்டுக்கு (கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) மேலே வாசித்தால் இரண்டு சுரம் சேர்ந்து நடுங்குகிற மாதிரி கேட்கிறது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் எவ்வளவு திருகியும் சுருதி நிற்கவில்லை.

பிரிட்ஜைத் தொடாதீர்கள் தம்பி, அதன்மேல் தப்பே இல்லை. ஸ்ட்ராட் பிக்அப்பில் கம்பிக்கு நேர் கீழே நிற்கும் ஆறு உருளைகளும் காந்தங்கள். அவை மிக அருகில் இருந்தால் கம்பியைத் தாராளமாக அதிர விடாமல் இழுத்துப் பிடிக்கும். தடித்த கம்பியில், நெக் (கழுத்து) பக்கத்துப் பிக்அப்பில்தான் இந்தத் தொல்லை அதிகம். கிட்டார்காரர்கள் கிண்டலாக ஸ்ட்ராட்டைட்டிஸ், அதாவது ஸ்ட்ராட் நோய், என்பார்கள்.

மூன்று பிக்அப்பையும் நன்றாகக் கீழே இறக்கிவிட்டு, கேட்டுக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். நடுக்கம் தலைகாட்டும் இடத்துக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அப்புறம்தான் பிரிட்ஜில் சுருதி பார்க்க வேண்டும்.

ஃபீனிக்ஸிலிருந்து: அளவு சொன்னால் நல்லது. எங்கே அளப்பது?

கடைசி ஃபிரெட்டில் கம்பியை அழுத்திப் பிடித்து, கம்பியின் அடிப்பகுதியிலிருந்து காந்தத்தின் தலை வரை அளக்க வேண்டும். பழைய பாணி ஸ்ட்ராட் பிக்அப்புக்கு ஃபெண்டர் சொல்லும் அளவு தடித்த ஈ பக்கம் 2.4 மி.மீ., மெல்லிய ஈ பக்கம் 2 மி.மீ. ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்அப்பில் காந்தம் சுருள்களுக்கு அடியில் இருப்பதால் கம்பியை அவ்வளவு இழுக்காது. அதனால் பிரிட்ஜ் பக்கம் 1.6 மி.மீ. வரை ஏற்றலாம். இரும்பு ஸ்கேல் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும், பிளாஸ்டிக் ஸ்கேலே மேல். இந்த அளவுகள் தொடங்குவதற்குத்தான், முடிவு காதுடையது.

ஸ்ட்ராட்டில் பிக்அப்பின் ஓரத்து ஸ்க்ரூவை வலப்பக்கம் திருப்பினால் பிக்அப் மேலே வரும். பி-90 என்ற ஒற்றைச் சுருள் பிக்அப்பின் சோப்பார் (சோப்புக் கட்டி வடிவ) வகை போல ஸ்க்ரூ நேராக மரத்தில் இறங்கும் பிக்அப்பில் அதே திருப்பு கீழே இறக்கும்.

டொங்காட்டிலிருந்து: ஸ்க்ரூவைத் தளர்த்தினால் அதன் தலை மட்டும் மேலே வருகிறது, பிக்அப் அசையவில்லை.

அந்தக் காலத்து ஸ்ட்ராட்டில் அந்த ஸ்க்ரூவைச் சுற்றிப் பெரும்பாலும் ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் குழாய்தான். வயதாகி இறுகிப்போனால் அது பிக்அப்பைத் தள்ளாது. புதுக் குழாய் மாற்றுங்கள், பழையதை ஒரு உறையில் போட்டு வையுங்கள், விற்கும்போது வாங்குபவர் கேட்பார். நம் கடற்கரைக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்திருக்கவும் கூடும். பல்குச்சி நுனியில் துளி எண்ணெய் தொட்டு வைத்து ஒரு ராத்திரி விடுங்கள். சுருளில் எண்ணெய் படக் கூடாது, பலத்தைக் காட்டவும் கூடாது.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: ஜி கம்பி மட்டும் காதைப் பிளக்கிறது. அதன் காந்தத்தை உள்ளே அழுத்திவிடலாமா?

ஐயோ, வேண்டாம்! பழைய ஃபெண்டர் பிக்அப்பில் செப்புக்கம்பி காந்தங்களையே ஒட்டிச் சுற்றப்பட்டிருக்கும். அதன் கனம் சுமார் 0.06 மி.மீ., தலைமுடி அளவுகூடத் தேறாது. காந்தம் நகர்ந்தால் அது அறுந்து பிக்அப் ஊமையாகிவிடும். ஜி காந்தம் உயரமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: அன்று ஜி என்பது சுற்றுக்கம்பி (மேலே இன்னொரு மெல்லிய கம்பி சுற்றியது), அதன் சத்தம் குறைவு. இன்று நாம் போடுவது வெறும் கம்பி. சுற்றிய ஜி ஒன்று வாங்கிப் போட்டுப் பாருங்கள். கம்பியை வளைத்து வாசிக்கிறவர்களுக்கு அது பிடிக்காது. அவர்கள் மெல்லிய கம்பிப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கிச் சமாளிக்க வேண்டியதுதான்.

வெருலத்திலிருந்து: என் பி-90க்கு இரு பக்கமும் காது மாதிரித் தகடு இருக்கிறது. உயர ஸ்க்ரூவே இல்லையே?

அந்த வகையை அடியில் தகடு வைத்துத்தான் ஏற்ற முடியும். கம்பிக்குக் கம்பி வித்தியாசத்தை நடுவில் உள்ள ஆறு ஸ்க்ரூக்களில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீண்டும் சாட்ஸ்வொர்த்: லோட் ஷெடிங்கில் ஜெனரேட்டர் வைத்துக் கல்யாண வீட்டில் வாசிக்கும்போது ஒரே இரைச்சல். பிக்அப்பை இறக்கினால் குறையுமா?

குறையாது. இரைச்சல் சுருளுக்குள் காற்று வழியாக வருவது, கம்பியின் தூரம் அதற்குப் பொருட்டில்லை. இறக்கினால் கம்பியின் சத்தம்தான் குறையும், அப்போது இரைச்சல் இன்னும் எடுப்பாகக் கேட்கும். புது ஸ்ட்ராட் பலவற்றில் நடுப் பிக்அப்பைத் தலைகீழாகச் சுற்றியிருப்பதால் இரண்டு பிக்அப் சேரும் நிலையில் இரைச்சல் அடங்கும். 60களின் கிட்டாரில் அந்த வசதி கிடையாது. ஜெனரேட்டரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள், நின்ற இடத்திலேயே உடம்பைத் திருப்பி எந்தத் திசையில் அடங்குகிறது என்று பாருங்கள்.