பேங்க் ஸ்டேட்மென்ட் யார் கைக்குப் போகிறது? – வாசகர் கேள்வி பதில்

நகர மன்றத்தின் பணம், ஆட்கள், டெண்டர் இவற்றை யார் எப்படிக் கண்காணிப்பது என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சேர்த்துவிட்டோம்.

கேள்வி: முதல்முறையாக மன்ற உறுப்பினர் ஆகியிருக்கிறேன். நிதிக் குழுவில் போட்டுவிட்டார்கள். எனக்குக் கணக்கு என்றாலே ஆகாது. இவ்வளவு பெரிய பட்ஜெட் புத்தகத்தை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

முதல் பக்கத்திலிருந்து வேண்டாம், அது உரை, கைதட்டலுக்காக எழுதியது. போன வருஷம் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, இந்த வருஷம் கேட்பது எவ்வளவு என்று மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு ஒரு பட்டியல் கேளுங்கள். அதில் இடைவெளி பெரிதாக இருக்கும் செலவு இனங்களை மட்டும் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ஒதுக்கியதில் பாதிகூடச் செலவாகாத ஒரு இனத்துக்கு இந்த வருஷம் இன்னும் அதிகமாகக் கேட்டிருந்தால் உங்கள் முதல் கேள்வி கிடைத்துவிட்டது.

வரவுப் பக்கத்தில் கேட்பும் வசூலும் ஒன்றல்ல. வரி கட்டச் சொல்லி நோட்டீஸ் கொடுத்த தொகை ஒன்று, கையில் வந்த தொகை வேறு. பல வருஷமாக வராத பாக்கியையும் வரப்போகும் பணமாகக் காட்டி, அதை நம்பிச் செலவைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் ‘வேலை முடிந்து இன்னும் பணம் கொடுக்காத பில்கள் எவ்வளவு?’ என்று தனியாகக் கேளுங்கள். கையில் வந்ததையும் கையை விட்டுப் போனதையும் மட்டும் எழுதும் கணக்கில் இது தெரியாது, பில்லெல்லாம் யாருடைய மேஜையிலாவது தூங்கிக்கொண்டிருக்க, வங்கி இருப்பு மட்டும் பிரமாதமாக இருக்கும்.

கேள்வி: வருஷா வருஷம் தணிக்கை நடக்கிறதே, பெரிய குறை எதுவும் எழுதவில்லையே, அதற்கு மேல் நாங்கள் என்ன பார்க்க வேண்டும்?

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் டிக்சன் என்று ஒரு சின்ன நகரம், ஜனத்தொகை சுமார் 16,000. அங்கேயும் வருஷா வருஷம் தணிக்கை நடந்தது. நிதி அதிகாரியாக இருந்த ரீட்டா கிரண்ட்வெல் 1990 முதல் 2012 வரை 5 கோடி டாலருக்கு மேல் எடுத்துவிட்டார். அந்தப் பணத்தில் கண்காட்சிக் குதிரைகளாக வாங்கிச் சேர்த்தார், பிடிபட்டபோது சுமார் 400 குதிரைகள்.

அவர் செய்ததில் பெரிய தந்திரம் எதுவும் இல்லை, அதனால்தான் இந்த வழக்கை நான் எல்லோருக்கும் சொல்கிறேன். கழிவுநீர்த் திட்டத்துக்கான சேமிப்புக் கணக்கு என்று காதுக்கு நம்பும்படியாக ஒரு பெயரில், நகரத்தின் பெயரையும் சேர்த்தே, வங்கியில் ஒரு கணக்குத் தொடங்கினார். மாநில அரசுக்குக் கட்ட வேண்டிய தொகை என்று போலி பில் தயாரித்து நகரத்தின் பணத்தை அந்தக் கணக்குக்குக் கொண்டுபோனார். வேலைக்குப் பணம் இல்லையே என்று மற்ற துறைகள் கேட்டால், மாநிலத்திலிருந்து வர வேண்டிய நிதி தாமதமாகிறது என்று ஒரு பதில். செக் எழுதுவது, வங்கியில் போடுவது, ஸ்டேட்மென்ட் வாங்குவது, அதைக் கணக்கோடு ஒப்பிட்டுச் சரி என்று சொல்வது எல்லாமே ஒரே ஆள்.

2011இல் அவர் நீண்ட விடுமுறையில் போனபோது, அவர் வேலையைப் பார்த்துக்கொண்ட நகர எழுத்தர் வங்கியிடம் எல்லாக் கணக்குகளின் ஸ்டேட்மென்ட்டும் வேண்டும் என்று கேட்டார். வந்த கட்டில் தெரியாத கணக்கு ஒன்று இருந்தது, மேயரிடம் காட்டினார், மேயர் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குப் போனார். 2013இல் ஏறத்தாழ இருபது வருஷச் சிறை. தணிக்கை நிறுவனங்களும் வங்கியும் சேர்ந்து 4 கோடி டாலர் நகரத்துக்குக் கொடுத்து சமரசம் செய்துகொண்டன.

ஆக, தணிக்கையாளர் தன்னிடம் கொடுக்கப்பட்ட கணக்குகளைத்தான் பார்க்கிறார். நகரத்தின் பெயரில் எத்தனை கணக்கு இருக்கிறது என்பதை வங்கியே நேராக எழுதித் தர வேண்டும், அது நிதிப் பிரிவைத் தொடாமல் வேறொருவர் கைக்கு வர வேண்டும். பணத்தைக் கையாளும் எல்லோரும் வருஷத்தில் ஒருமுறை தொடர்ச்சியாக லீவில் போக வேண்டும், அந்த நாட்களில் அவர் சீட்டில் வேறு ஆள் உட்கார வேண்டும். ‘லீவே எடுக்காத மனுஷர்’ என்று யாரையாவது புகழ்ந்தால் எனக்குக் கொஞ்சம் உதறும்.

கேள்வி: பணியாளர் விஷயத்தில் உறுப்பினர்கள் தலையிடக் கூடாது என்கிறார்கள். சம்பளச் செலவுதான் பாதி பட்ஜெட். எதைப் பார்ப்பது?

யாரை வேலைக்கு எடுப்பது, யாரை எங்கே மாற்றுவது என்பதில் தலையிடாதீர்கள், அது சரிதான். சம்பள முறை உங்கள் வேலை.

கலிபோர்னியாவில் பெல் என்ற சின்ன ஊர், வசதியானவர்கள் அதிகம் இல்லாதது. 2010இல் பத்திரிகை அம்பலப்படுத்தியபோது, நகர நிர்வாக அதிகாரியின் வருஷச் சம்பளம் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர். பகுதிநேர உறுப்பினர்கள் சிலர் ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள், பெரும்பாலும் கூடியும் கூடாமலும் இருந்த வாரியங்களில் உட்கார்ந்ததற்கான படியாக. கண்காணிக்க வேண்டியவர்களுக்கே பங்கு போனதால் யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஆகவே அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்துவிட்டு விடாதீர்கள், படி, ஓவர்டைம், விடுப்புப் பணம் எல்லாம் கூட்டி ஒரு பதவிக்கு மொத்தம் எவ்வளவு போகிறது என்று கேளுங்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மன்றம் 2023 செப்டம்பரில் இனி அத்தியாவசியம் தவிரப் புதுச் செலவு செய்ய முடியாது என்று சட்டப்படி அறிவித்தது. பெரிய காரணங்களில் ஒன்று சம ஊதியம்: குப்பை அள்ளுவது போன்ற, ஆண்கள் அதிகம் இருந்த வேலைகளுக்குக் கொடுத்த போனஸ், அதே தரத்தில் இருந்த, பெண்கள் அதிகம் செய்த துப்புரவு, சமையல், பராமரிப்பு வேலைகளுக்குக் கிடைக்கவில்லை. பெண்கள் வழக்குப் போட்டார்கள், 2012இல் உச்ச நீதிமன்றத்தில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, அதற்குப் பிறகு மன்றம் நூறு கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தும் கடன் தீரவில்லை. போதாததற்குப் புதிதாகப் போட்ட கணக்கு மென்பொருள், சுமார் 2 கோடி பவுண்டில் முடிய வேண்டியது, பல மடங்கு இழுத்துக்கொண்டு போனதோடு கணக்கையும் குழப்பியது. 2024இல் வரி கிட்டத்தட்ட 10 சதவீதம் ஏறியது. போனஸ் கொடுத்தவர்கள் ஒருபுறம், வரி கட்டியவர்கள் மறுபுறம்!

கேள்வி: எங்கள் ஊரில் டெண்டர் எப்போதும் குறைந்த விலை சொன்னவருக்குத்தான் போகிறது. ஆனாலும் வேலை முடியும்போது தொகை எங்கேயோ போய் நிற்கிறது. எப்படி?

டெண்டர் திறக்கும் நாளில் எல்லோரும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை. விளையாட்டு அங்கேதான். பள்ளம் தோண்டும் வேலையில் மண் வெட்ட ஒரு ரேட், பாறை உடைக்க ஒரு ரேட். மதிப்பீட்டில் மண் நிறைய, பாறை கொஞ்சம். ஒப்பந்ததாரர் மண்ணுக்கு அடிமட்ட விலையும் பாறைக்குக் கொள்ளை விலையும் போடுவார், மொத்தத்தைக் கூட்டினால் அவர்தான் குறைவு. வேலை நடக்கும்போது, பார்த்தால், எதிர்பார்த்ததைவிடப் பாறை பல மடங்கு! உண்மையிலேயே பாறை இருக்கவும் வாய்ப்பு உண்டு, முன்கூட்டியே யாரோ சொல்லியிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால் மொத்தத் தொகையோடு ரேட் பட்டியலையும் வாங்கிப் பாருங்கள், ஒப்பந்தத்துக்குப் பின் மாறிய அளவுகளைத் தனிப் பட்டியலாகக் கேளுங்கள், நடந்த வேலையை அளந்து எழுதும் அளவுப் புத்தகத்தில் கையெழுத்துப் போட்டவரும் பில் பாஸ் செய்தவரும் ஒரே ஆளா என்று பாருங்கள்.

ஒரே தெருவேலையை நான்காகப் பிரித்து ஒவ்வொன்றையும் டெண்டர் கட்டாயமாகும் தொகை வரம்புக்குக் கீழே கொண்டுவருவதும் உண்டு. தேதியையும் இடத்தையும் அடுக்கி வைத்தால் தெரிந்துவிடும்.

ஸ்லோவாக்கியாவில் 2011 முதல் பொது அமைப்புகளின் ஒப்பந்தம் இணையத்தில் வெளியானால்தான் செல்லும். என்னைக் கேட்டால், எந்தக் கண்காணிப்புக் குழுவையும்விட இது மேல்.

கேள்வி: கேள்வி கேட்டால் ‘அப்புறம் தகவல் தருகிறோம்’ என்கிறார்கள். வருவதே இல்லை.

வாயால் கேட்காதீர்கள். எழுத்தில் கொடுத்து, எந்தத் தேதிக்குள் பதில் என்பதையும் கூட்ட நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் பழைய குறிப்பை உறுதிசெய்யக் கை தூக்கச் சொல்லும்போது பலர் டீ குடித்துக்கொண்டிருப்பார்கள், உங்கள் கேள்வி விடுபட்டிருந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்தச் சொல்லுங்கள்.