நல்ல போன் இருந்தால் ஓலைச்சுவடிகளை ஒரு வாரத்தில் படம் எடுத்துவிட முடியாதா?

எங்கள் ஊர் நூலகத்தில் சுவடிகளைப் படம் எடுக்கிறோம் என்று மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். வேறொரு நூலகத்தில் அப்படி உட்கார்ந்திருந்தவன் நான்.

நீங்கள் எட்டிப் பார்த்தபோது காமிரா சும்மா நின்றிருக்கும். படம் எடுப்பது கடைசி வேலை, ஐயா. எங்களிடம் ஒரு மருத்துவச் சுவடிக்கட்டு வந்தது. கயிறு இற்றுப்போய், ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தொட்டால் அப்பளமாக நொறுங்கும் நிலை. மென்மையான தூரிகையால் தூசு தட்டி, எலுமிச்சைப்புல் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தோம். எழுத்தாணி எழுத்து வெறும் கீறல்தான். விளக்குக்கரியைத் தடவித் துடைத்தால்தான் கண்ணுக்குத் துலங்கும். பிறகு ஓரத்தில் உள்ள ஏட்டெண்ணைப் பார்த்து அடுக்கினால், பதினான்காம் ஏட்டுக்கு அடுத்து வேறு கையெழுத்து, வேறு நூல்! எந்தக் காலத்திலோ யாரோ அவிழ்த்து மாற்றிக் கோத்திருக்கிறார்கள். வந்ததை வந்தபடி படம் எடுத்திருந்தால், சுரத்துக்குச் சொன்ன கஷாயம் பாதியில் சோதிடமாகியிருக்கும்.

பிளாஷ் போட்டால் எண்ணெய் தடவிய ஏடு பளபளத்து எழுத்தை மறைத்துவிடும். அதனால் விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து வைக்க வேண்டும். ஒவ்வொரு படத்திலும் அளவுகோலும், நிறம் சரியா என்று ஒப்பிட வண்ண அட்டையும் இருக்க வேண்டும். பாதுகாப்புக்குத் தரம் குறையாத டிஃப் கோப்பு, வாசகருக்கு அளவில் சிறிய ஜேபெக் கோப்பு. கோப்பின் பெயர் அட்டவணை எண்ணோடு பொருந்தாவிட்டால் படம் இருந்தும் இல்லாததுதான்.

போனை இளக்காரம் செய்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கூரை ஒழுகும் வீட்டில் சுவடி இருந்தால் போனிலாவது உடனே எடுங்கள். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. அவற்றுக்கு மங்கலான படம் இருந்திருந்தாலும் இன்று கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் கையில் நேரமும் காமிராவும் உள்ள நூலகம் அரைகுறையாகச் செய்தால், அதே ஏட்டை இன்னொரு முறை அவிழ்க்க நேரும். ஒவ்வொரு முறை அவிழ்க்கும்போதும் கொஞ்சம் உதிரும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். தொடக்க விழாவில் பொத்தானை அமுக்கியவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். எங்களுக்குத் தினக்கூலி. சம்பளப் பட்டியலில் பதவி ‘தட்டச்சர்’. வேலை முடிந்து அனுபவச் சான்றிதழ் கேட்டேன். அதிலும் தட்டச்சர் என்றே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். சுவடி என்ற சொல் அதில் ஓரிடத்திலும் இல்லை.