அரசியல் அறிவியல் படித்தால் சாக்கடையா?

வணக்கம் அம்மா,

பிளஸ் டூ படிக்கும் மகள் பி.காம். வேண்டாம், அரசியல் அறிவியல்தான் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், "சாக்கடையில் இறங்கவா இத்தனை வருஷம் படிக்க வைத்தேன்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கோபம் புரிகிறது. வாக்காளர்களுக்குப் பணம் கொடுத்த புகாரில் 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலையே தேர்தல் ஆணையம் ரத்து செய்த மாநிலம் இது.

ஆனால் டிவியில் நாம் பார்ப்பது அவைக் கூச்சலை மட்டும்தான். நாடாளுமன்றத்தில் எம்.பி.க்கள் அடங்கிய 24 துறைசார் நிலைக்குழுக்கள் இருக்கின்றன. துறை தன் செலவுக்குக் கேட்கும் பணம் (மானியக் கோரிக்கை), தங்களிடம் வரும் மசோதா எல்லாவற்றையும் உட்கார்ந்து பார்ப்பது அங்கேதான். கேமராவும் கிடையாது, நிருபருக்கு அனுமதியும் கிடையாது. அதனாலேயே அந்த வேலை நம் கண்ணில் படுவதில்லை.

ஒருமுறை ஒரு எம்.எல்.ஏ. அலுவலகத்தில் காலை முழுக்கக் காத்திருந்தேன். முதியோர் உதவித்தொகை நின்றுபோன பாட்டி ஒருவர் மஞ்சள் பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்து, கடைசியாகப் பணம் ஏறிய வரியை விரலால் தொட்டுக் காட்டினார். எம்.எல்.ஏ. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு அடுத்தவரிடம் போய்விட்டார். அப்புறம் பாட்டியை உட்கார வைத்து, பணம் ஏன் நின்றது என்று விசாரித்து, தாசில்தாருக்கு மனு எழுதியது மூலையில் இருந்த உதவியாளர். உங்கள் மகளுக்கான நாற்காலி அதுதான். (தேர்தலில் நிற்பதெல்லாம் பிறகு; சட்டமன்றத்துக்கு எப்படியும் 25 வயது ஆக வேண்டும்.)

நாடாளுமன்றப் பணிகளை ஆராயும் பி.ஆர்.எஸ். அமைப்பின் லேம்ப் ஃபெல்லோஷிப்பில் இளம் பட்டதாரிகள் ஒரு எம்.பி.யோடு சேர்ந்து வேலை செய்கிறார்கள்: அவையில் கேட்கக் கேள்வி தயாரிப்பது, மசோதாவுக்குக் குறிப்பு எழுதுவது. எந்தப் பட்டமும் போதும் என்பதால் பி.காம். படித்தும் அங்கே போகலாம். சட்டம், ஆட்சிப்பணித் தேர்வு என்ற வழிகளும் திறந்தே இருக்கும். சம்பளத்தை மட்டும் மழுப்ப மாட்டேன்: ஆரம்பத்தில் குறைவு, ஃபெல்லோஷிப் முடிந்ததும் வேறு வேலை தேட வேண்டும். வீட்டில் கடன் இருந்தால் இதையும் கணக்கில் எடுங்கள்.

முடிவெடுக்குமுன் ஒன்று செய்யுங்கள். ஜனவரி 26 அன்று உங்கள் ஊராட்சியில் கிராமசபை கூடும். ஓட்டுரிமை வராததால் அவள் வேடிக்கை பார்க்கத்தான் முடியும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள நீங்கள் அதன் உறுப்பினர். வரவு செலவு வாசிக்கும்போது அவள் போனை நோண்டுகிறாளா, காது கொடுக்கிறாளா என்று பாருங்கள். பிப்ரவரியில் அவளையும் அழைத்து வாருங்கள், பேசுவோம்.